மலைமேல் ஒரு வாக்குச்சாவடி, துணைக்கு வந்த ஒருவர், இரண்டு படிவங்கள்

2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, சேர்வராயன் மலையில் ஒரு சின்ன வாக்குச்சாவடியில் நுண் பார்வையாளராக இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், தேர்தல் நேர்மையாக நடந்ததா. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் சொன்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதனால் அந்த ஒரு சாவடியில் நடந்ததை, அது எங்கே பதிவானது, எங்கே பதிவாகாமல் போயிருக்கும் என்பதோடு சேர்த்து எழுதுகிறேன். சாவடியின் பாகம் எண்ணை எழுதப்போவதில்லை. கட்சிப் பெயர்களும் வேண்டாம், அதற்கான காரணம் படிக்கும்போது புரியும்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு விஷயம், வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும், ஆனால் மக்களவைத் தேர்தலில் ஏற்காடு (பழங்குடியினர்) சட்டமன்றத் தொகுதி சேலத்தோடு சேராது. ஆத்தூர், கெங்கவல்லியோடு சேர்ந்து கள்ளக்குறிச்சித் தொகுதிக்குள் போய்விடுகிறது. ஆக மலையில் ஓட்டுப் போடுகிறவருக்கு தாலுகா அலுவலகம் ஏற்காடு, ஆட்சியர் சேலத்தில், தேர்தல் நடத்தும் அலுவலரும் பொதுப் பார்வையாளரும் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஒரு புகார் கொடுக்க வேண்டும் என்றால் யாரிடம் போவது என்று படித்தவர்களே குழம்புவார்கள். காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர் எங்கே போவார்?

பார்ப்பவர்கள் யார் யார் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வளரும் ஜனநாயக நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியம், காமன்வெல்த், கார்ட்டர் மையம் மாதிரியான அமைப்புகள் குழு அனுப்பிப் பார்த்து அறிக்கை வெளியிடும். நம் நாட்டில் அப்படி வெளியார் வந்து தீர்ப்புச் சொல்கிற வழக்கம் இல்லை, தேர்தல் ஆணையம் அழைத்து வந்து சுற்றிக் காட்டுகிற விருந்தினர்கள்தான் உண்டு. இங்கே பார்வை என்பது ஆணையமே ஏற்படுத்திய ஒரு அடுக்கு. மேலே பொதுப் பார்வையாளர், வேறு மாநில ஐஏஎஸ் அதிகாரி. செலவினத்துக்கு வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், காவல்துறைக்கு ஒருவர். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20பி பிரிவு 1996-ல் சேர்க்கப்பட்ட பிறகு, சாவடிகள் கைப்பற்றப்பட்டதாகத் தெரிந்தால் எண்ணிக்கையையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பார்வையாளருக்கு உண்டு. இந்த அடுக்கின் கடைசிப் படியில் நுண் பார்வையாளர்: வங்கி, எல்ஐசி, உருக்காலை மாதிரி மத்திய அரசு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள். பதற்றமான சாவடி, இணைய வழிக் கேமரா வைக்க சிக்னல் இல்லாத சாவடி, இங்கெல்லாம் எங்களை உட்கார வைப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் எதுவும் கிடையாது. பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அறிக்கையைப் பொதுப் பார்வையாளரிடம் நேராகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "எழுத வேண்டும்" என்பதை எங்களில் நிறையப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில்தான் ஆதங்கம்.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம், வெளியே சில்வர் ஓக் மரங்களுக்குள் இன்னும் இருட்டு. சாவடியின் தலைமை அலுவலர் ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியை, முந்தின நாள் மதியமே இயந்திரங்களோடு வந்து அங்கேயே படுத்திருந்தார். கட்சிகளின் முகவர்கள் வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடலாம் என்று விதி இருக்கிறது, கீழ்க்காட்டிலிருந்து ஒருவர் நடந்தே வர வேண்டியிருந்ததால் அந்தக் கால் மணி நேரம் முழுக்கக் காத்திருந்தார், எனக்கு அது பிடித்திருந்தது. குறைந்தது 50 வாக்கு போட்டு, நோட்டா உட்பட எல்லா பட்டனும் அழுத்தி, கட்டுப்பாட்டுக் கருவியில் வந்த கணக்கையும் விவிபாட் (வாக்கு யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் பெட்டி) சீட்டுகளையும் ஒப்பிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் அழித்து, கருவியில் பூஜ்யம் வருவதை முகவர்களுக்குக் காட்டி, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

இந்த அழிக்கிற வேலையை அவசரத்தில் மறந்துவிட்டால் மாலையில் கணக்கு உதைக்கும். வாக்காளர் பதிவேட்டில் ஒரு எண்ணிக்கை, இயந்திரத்தில் ஐம்பது கூடுதல். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2019-ல் பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றப் பகுதியின் எட்டு சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும், அங்கே காரணம் வேறு. காரணம் எதுவானாலும், ஒரு சாவடியில் மறுபடி ஓட்டு என்றால் மொத்த ஊருக்கும் ஒரு நாள் கூலி போகிறது, ஊர்ப் பெயரும் கெடுகிறது. இந்த ஆசிரியை எதையும் மறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு சுத்தமாகத் தொடங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து மணி வாக்கில் ஒருவர் ஒரு வயதான அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்குக் கண்புரை, பார்த்தாலே தெரிந்தது. தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்ற விதி இதற்கு இடம் கொடுக்கிறது: பார்வை இல்லாதவர், உடல் இயலாதவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், துணைக்கு வருகிறவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாகப் போகலாம், ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தலைமை அலுவலர் படிவம் 14ஏ-வில் பதிய வேண்டும், துணையாளின் வலது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும். உறுதிமொழி வாங்கினார்கள், பதிந்தார்கள். மை வைக்க மறந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது, நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே ஆள் இன்னொரு பெரியவரோடு வந்தார். அப்போது தலைமை அலுவலர் ஒரு பூத் ஸ்லிப் தகராறில் இருந்தார், முதல் மேசையில் இருந்தவர் "துணைக்கு வந்தவரு" என்று சொல்லி விட்டுவிட்டார். 14ஏ-வில் பதிவு இல்லை. நான் எழுந்து போய்ச் சொல்வதற்குள் பீப் சத்தம் வந்துவிட்டது. மறைவுக்குள் விழுந்த வாக்கைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது, யாருடையது என்று பிரித்துக் காட்டவும் முடியாது.

அப்புறம் மூன்றாவது முறை. இந்த முறை ஒரு ஆயா, நல்ல திடமாக நடந்து வந்தார். அவர் கையை இவர் பிடிக்கவேண்டிய தேவையே இல்லை.

"மேடம், இவர் பேரு 14ஏ-வில ஏற்கெனவே இருக்குங்களா, ஒருக்கா பார்த்துடுங்க" என்றேன். எனக்கு உத்தரவு போட உரிமையில்லை, பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "சார், எல்லாம் நம்ம சனங்கதான், படிக்காதவங்க, அதான் கூட வரேன்" என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது, தோட்டத்தில் ஆள் பிரித்துவிடுகிற மேஸ்திரி. மறுநாள் யாருக்கு மிளகு பறிக்கிற வேலை, யாருக்குக் களையெடுப்பு, யாருக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் வாயில்தான் இருக்கிறது.

தலைமை அலுவலர் ஆயாவிடம் திரும்பி, "உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா ஆயா?" என்று கேட்டார்.

"கண்ணுக்கு என்ன கண்ணு, நல்லாத்தான் தெரியுது. பொத்தான் எதுன்னுதான் தெரியலை."

எழுதப் படிக்கத் தெரியாதது துணையாளை அனுமதிக்கக் காரணம் ஆகாது, தலைமை அலுவலர்களுக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே அது இருக்கிறது. ஆசிரியைக்கு அது நினைவிருந்தது. அட்டையில் அச்சடித்த மாதிரி வாக்குப்பதிவுக் கருவி ஒன்று கொடுத்தனுப்புவார்கள், பொய்ப் பெயரும் பொய்ச் சின்னமும் போட்டது. அதை எடுத்து முகவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசைமேல் வைத்து, "இங்க படம் இருக்கும், படத்துக்கு நேரா நீல பொத்தான், அமுக்கினா லைட் எரியும், பக்கத்துப் பெட்டியில சீட்டு தெரியும், சத்தம் வந்ததும் வெளிய வந்துருங்க" என்று வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னார். ஆயா அட்டையில் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் தனியாகவே உள்ளே போனார். கொஞ்சம் நேரமானது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பீப் வந்தது.

அந்த மேஸ்திரியை வெளியே போகச் சொன்னார்கள், போய்விட்டார். விட்டுப்போன இரண்டாவது பதிவை நேரத்தோடு 14ஏ-வில் சேர்த்து, நடந்ததைத் தன் நாட்குறிப்பிலும் தலைமை அலுவலர் எழுதினார். அதன்பிறகு துணையோடு வந்த எல்லாரையும் அவரே விசாரித்தார், மையும் வைத்தார். மதியம் மண்டல அலுவலர் ஜீப்பில் வந்தபோது நான் அவரிடமும் சொன்னேன். சாவடியிலிருந்து பொதுப் பார்வையாளருக்குப் போன் போட சிக்னல் இல்லை.

இதில் என்னை யோசிக்க வைத்தது முகவர்கள்தான். எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்கள், மூன்று முறையும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தனியாகக் கேட்டபோது ஒருவர், "விடுங்க சார், அவரைப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியாது" என்றார். மாமன் மச்சான் உறவு, ஒரே தோட்டம், ஒரே ரேஷன் கடை. சட்டம், முகவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. சின்ன ஊரில் அந்தச் சந்தேகம் வேலை செய்யாது. வெளியாள் ஒருவர் அங்கே உட்கார வேண்டிய தேவை இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மேஸ்திரி எந்தக் கட்சிக்காக வந்தார் என்பது எனக்குத் தெரியாது. உண்மையிலேயே உதவத்தான் வந்தாரா என்றும் தெரியாது, அதை ஊகிப்பது என் வேலையும் இல்லை. நேரம், 17ஏ என்ற வாக்காளர் கையெழுத்துப் பதிவேட்டில் வாக்காளரின் வரிசை எண், 14ஏ-வில் இருந்தது இல்லாதது, யார் என்ன செய்தார்கள், இவற்றை எழுதினேன். எங்களுக்குக் கொடுத்த அச்சிட்ட படிவத்தில் இதற்கு இடமே கிடையாது. முகவர்கள் இருந்தார்களா, மாதிரி வாக்குப்பதிவு நடந்ததா, ரகசியம் காக்கப்பட்டதா என்று ஆம் இல்லை கட்டங்கள். கடைசியில் குறிப்புக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் "இணைப்புத் தாள் காண்க" என்று எழுதி, தனித்தாளில் விவரமாக எழுதிச் சேர்த்தேன். "ரகசியம் காக்கப்பட்டதா" என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிட்டு வந்திருந்தால் அந்தச் சாவடி எந்தக் குறையும் இல்லாத சாவடியாகக் கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாலைக் கதை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வாக்குப்பதிவு எண்ணிக்கை மேலே போக வேண்டும். சிக்னல் இல்லாததால் ஒருவர் பைக்கில் சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் போய்ச் சேரும்போது எண்ணிக்கை பழசாகிவிடும், சில சமயம் அவரே கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவார், "அதுக்குள்ள இன்னும் பத்துப் பேர் போட்டிருப்பாங்க" என்று. இதில் திருட்டு எதுவும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தகவல்களை வைத்துத்தான் அன்று இரவு ஏழு மணிக்குத் தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள், பிறகு அது 69.46 ஆனது, கடைசியில் 69.72. எங்கே போனது அந்த ஓட்டு என்று ஊரெல்லாம் பேச்சு. போனில் சொல்கிற கணக்கு தோராயம், படிவம் 17சி-யில் இருப்பதுதான் கணக்கு, இதை அறிவிக்கும்போதே ஆணையம் தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிச் சந்தேகம் கிளம்பியிருக்காது.

17சி என்ன என்று தெரியாதவர்களுக்கு: எந்தெந்த இயந்திரம், 17ஏ-வில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டும் வாக்களிக்காமல் போனார்கள், இயந்திரத்தில் மொத்தம் எவ்வளவு, எல்லாம் ஒரே தாளில். தலைமை அலுவலர் கையெழுத்திட்ட நகலை அங்கே இருக்கிற ஒவ்வொரு முகவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி 49எஸ். எண்ணிக்கை நாளில் மேசையில் கருவியைத் திறக்கும்போது வேட்பாளரின் ஆள் இந்த நகலை வைத்துக்கொண்டுதான் அதே கருவியா, அதே மொத்தமா என்று பார்க்க முடியும். இயந்திரத்தைப் பற்றி நாட்கணக்கில் விவாதிக்கிறோம், அதைச் சரிபார்க்க ஒரு சாதாரண ஆளின் கையில் சட்டம் கொடுத்திருக்கும் ஒரே பொருள் இந்தத் தாள்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுத்து, எல்லாரும் போட்ட பிறகு குளோஸ் பட்டனை அழுத்தினார்கள். 17ஏ எண்ணிக்கையும் கருவியின் மொத்தமும் சரியாக இருந்தது. நகல் எழுதி முடிக்கும்போது சாவடியில் ஒரே ஒரு முகவர்தான் மிச்சம். மற்றவர்கள் கீழே போகிற கடைசி வண்டி கிளம்புகிறது என்று போய்விட்டார்கள். அவர் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற வேட்பாளர்களுக்கு அந்தச் சாவடியின் கணக்கு கையில் இல்லை. யாரும் பறிக்கவில்லை, அவர்களே விட்டுவிட்டுப் போனார்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால் கென்யாவில் 2017-ல் நடந்தது அப்படி. ஆகஸ்ட் 8 அதிபர் தேர்தல். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வாக்குப்பதிவைப் பார்த்துவிட்டுப் பொதுவாக நல்லபடியாகவே சொன்னார்கள், கார்ட்டர் மையக் குழுவோடு போன ஜான் கெர்ரியும் பாராட்டினார். செப்டம்பர் 1 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்றது. நீதிமன்றம் பார்த்தது சாவடிகளிலிருந்து வந்திருக்க வேண்டிய 34ஏ படிவங்களையும், தொகுதி அளவிலான 34பி படிவங்களையும், அவை எப்படி அனுப்பப்பட்டன என்பதையும். எல்லாச் சாவடிப் படிவங்களும் வந்து சேர்வதற்கு முன்பே முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. மலாவியில் 2019 தேர்தல் 2020 பிப்ரவரியில் ரத்தானதும் தாளால்தான், கூட்டல் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். வரிசை அமைதியாக நின்றது, மக்கள் உற்சாகமாக வந்தார்கள் என்று மட்டும் எழுதுகிற பார்வையாளர் அறிக்கையை வைத்து ஒரு நீதிமன்றமும் எதையும் தீர்மானிக்க முடியாது.

இங்கேயும் 2024 மே மாதம் 17சி நகல்களை உடனே இணையத்தில் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள், தேர்தல் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இடைக்கால உத்தரவு போட நீதிமன்றம் மறுத்துவிட்டது. நகல்களை இணையத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மலையில் வண்டியைப் பிடிக்க ஓடின முகவருக்கும் அப்போது கணக்கு கிடைத்திருக்கும்.

வாக்குப்பதிவுக்கு மறுநாள் ஆவணப் பரிசீலனை. வேட்பாளர்களின் ஆட்கள் முன்னிலையில் பொதுப் பார்வையாளரும் தேர்தல் நடத்தும் அலுவலரும் சிக்கல் வந்த சாவடிகளின் 17ஏ, நாட்குறிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என் அறிக்கையின் இணைப்புத் தாளைப் படித்துவிட்டுப் பார்வையாளர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்: இரண்டாவது வாக்கு விழுந்தபோது தலைமை அலுவலர் எங்கே இருந்தார், மூன்றாவது வாக்காளர் தனியாகப் போட்டாரா. பதில் சொன்னேன், எழுதிக்கொண்டார். மறுவாக்குப்பதிவு தேவையில்லை என்று முடிவானது. அது சரியான முடிவுதான். ஒரு விதிமீறல், நடந்த இடத்திலேயே கண்டுபிடித்து நிறுத்தப்பட்டது, அதற்காக மொத்த ஊரையும் திரும்ப வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

பார்க்க முடியாததையும் சொல்லத்தான் வேண்டும். நான் சாவடிக்குப் போனது வாக்குப்பதிவுக்கு முந்தின நாள். பணம் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே கொடுத்து முடித்திருப்பார்கள். மலையடிவாரச் சோதனையில் ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பிடிப்பார்கள், அதில் மிளகு வியாபாரியும் மாட்டுத் தரகரும் மாட்டுகிற அளவுக்குக் கட்சிக்காரர் மாட்டுவதில்லை என்பது இங்கே எல்லாரும் சொல்கிற பேச்சு. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்திய மாநிலம் நம்முடையது. ஏற்காட்டுக்கே 2013 டிசம்பர் இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கும், தமிழ்நாட்டில் நோட்டா பட்டன் முதன்முதலில் வந்த தேர்தல். அமைச்சர்கள் மலையில் முகாமிட்டிருந்தார்கள், வாக்குப்பதிவு 90 சதவீதத்தை நெருங்கியது. சாவடிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொன்னால் அது சாவடிக்குள் இருந்ததற்கு மட்டும்தான் சாட்சி. மேஸ்திரிக்கும் ஆயாவுக்கும் நடுவில் இருக்கிற கூலி உறவு ஏப்ரல் 19 காலையில் தொடங்கியதும் இல்லை.

அந்த உறவை ஒரு படிவத்தால் மாற்ற முடியாது. ஆனால் மூன்று காரியம் செய்யலாம், இதை அறிக்கையோடு எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே வாக்களிக்க 12டி படிவம் இருக்கிறது, தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், மலைக் கிராமங்களில் அந்த ஐந்து நாள் தெரியாமலே போய்விடுகிறது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் அதற்கு முன்பே வீடு வீடாகப் போக வேண்டும். 17சி நகல் கொடுக்கிற மாதிரியே 14ஏ நகலையும் முகவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஒரே பெயர் இரண்டு சாவடியில் துணையாக வந்திருந்தால் அப்போதுதான் வெளியே தெரியும். மலைச் சாவடிகளில் முகவர்கள் கீழே திரும்ப மாலையில் ஒரு வண்டி, நகல் எழுதி முடிந்த பிறகு கிளம்புகிற மாதிரி.